‘ஒரு மாதிரி’ என்றால் எந்த மாதிரி

"கோச் ஒரு மாதிரி பேசுகிறார், அம்மா."

இதைச் சொன்னபோது சின்னவள் குனிந்து ஓட்டக் காலணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று கேட்டேன்: "ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி?" முடிச்சு அவிழ்ந்துவிட்டது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுக் காலணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பேச்சே வரவில்லை.

நான் மெய்ப்புத் திருத்துபவள். மங்கலான சொல்லைக் கண்டால் பக்க ஓரத்தில் கேள்விக்குறி போடுவது இருபது ஆண்டுப் பழக்கம். ‘ஒரு மாதிரி’ அளவுக்கு மங்கலான சொல் தமிழில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. தலை சுற்றினாலும் ஒரு மாதிரிதான், வேண்டியவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் ஒரு மாதிரிதான், பக்கத்தில் நிற்பவரின் பார்வை பிடிக்காவிட்டாலும் ஒரு மாதிரிதான். வாயில் வராத எதையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். 12 வயதுப் பெண் மூடியை ஓர் அங்குலம் திறந்து, என் முகம் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறாள். என் முகம் கேள்விக்குறியாகிவிட்டது. மூடிவிட்டாள்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். படித்துவிட்டு இரண்டு பத்திகளை அடித்தாள். ஓர் இடத்தில் ‘நான் இப்படிச் சொல்லவில்லை’ என்று ஓரத்தில் எழுதினாள். என் கையெழுத்தைப் போலவே சாய்த்து. அவள் அடித்தவை அடித்தவைதான். யாருடைய பெயரும், அவள் ஓடப் பழகும் மன்றத்தின் பெயரும் இங்கே வராது.

அந்த மூன்று வாரத்தில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவற்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி. வெயிலிலும் கழற்றாத மேல்சட்டை. தட்டில் பாதி மிச்சம். குளியலறையில் மூலையில் தூசி படிந்து கிடந்த எடைக் கருவி ஒருநாள் துடைத்து நடுவில் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து, யாரோ வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பிறருடைய எழுத்தில் ஒற்று விட்டால் கண்டுபிடித்துவிடும் கண் இது.

விஷயம் வெளியே வந்தது துணி மடிக்கும்போது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து கேட்டிருந்தால் வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். இருவருக்கும் கையில் வேலை இருந்தது, கண் துணியில் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. என் நல்ல புத்தியால் அல்ல, அன்றைக்கு எனக்குத் தலைவலி. அவளே தொடங்கினாள். அவள் ஓடுவது 800 மீட்டர், ஓடுகளத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து திரும்பும்போது கோச் சத்தமாகச் சொல்வாராம்: "வழி விடுங்கள், வழி விடுங்கள், லாரி வருகிறது." கடந்த மாதம் தொடங்கியிருக்கிறது. இப்போது பையன்கள் அவள் வரும்போது ஹாரன் அடிக்கிறார்களாம்.

இதற்கு நான் சொன்ன முதல் பதிலை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "உன் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார், கண்ணா." எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? நான் யோசித்துச் சொல்லவில்லை. என் அம்மா என்னிடம் சொன்னது, ஆசிரியர்கள் அம்மாவிடம் சொன்னது, அச்சுக் கோத்து வைத்ததுபோல் நாக்கில் தயாராக இருந்தது. ‘நன்மைக்குத்தான்’ என்பதில் அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அது வாயை அடைப்பதற்கென்றே வந்து ஒட்டிக்கொள்கிறது. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உடனே சொன்னேன்: "இல்லை. இப்போது சொன்னதை அடித்துவிடு. தப்பாகச் சொல்லிவிட்டேன். மேலே சொல்." வீட்டில் எங்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் உண்டு, சொன்னதை அடித்துவிட்டு மறுபடி சொல்லலாம். அந்த வழக்கம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

"எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்" என்றாள். தலையணை உறை ஒன்றை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி நாலாக மடித்தாள். "நான் ஏன் அம்மா சிரித்தேன்?"

லாரியைவிட அவளை வதைத்தது இதுதான். தன்னைக் கேலி செய்த கூட்டத்தில் தானும் சேர்ந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டதால் இனி குறை சொல்ல உரிமை இல்லை என்றும் நினைத்திருக்கிறாள். ‘அப்போது சிரித்தாயே’ என்று கேட்டால் என்ன சொல்வது? நான் என் கதையைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 23 வயதில், மூத்தவர் ஒருவர் என் பல்வரிசையைப் பற்றி அடித்த ஜோக்குக்கு நான் அந்தப் பல் தெரியவே சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இருந்ததா? இல்லை. கல் வந்தால் கை தானாக முகத்துக்கு முன்னால் போகும், அதுபோல வந்த சிரிப்பு. "கையை ஏன் தூக்கினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த உறையை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடுத்ததை மடிக்கும்போதுதான் இரண்டாவது விஷயம் வந்தது. அணியில் இவளைவிட இரண்டு வயது மூத்த பெண் ஒருத்தி. அவளுடைய உடல் வளர்ச்சியைப் பற்றிக் கோச் ஒருநாள் ஒன்று சொல்லியிருக்கிறார், சத்தமாக அல்ல, தாழ்ந்த குரலில், அந்தப் பெண்ணுக்கும் பக்கத்தில் நின்ற இவளுக்கும் மட்டும் கேட்கும்படி. அந்த வாக்கியத்தை இங்கே எழுதப்போவதில்லை. லாரி என்பதைச் சொல்லும்போது சின்னவளுக்குக் கோபம் இருந்தது. இதைச் சொல்லும்போது கோபம் இல்லை, குரல் இறங்கிவிட்டது. ‘ஒரு மாதிரி’ என்று அவள் முதலில் சொன்னது இதைத்தான்.

சொல்லி முடித்ததும், "நீ யாரிடமும் சொல்லக் கூடாது" என்றாள். நான் "சரி, சொல்ல மாட்டேன்" என்றேன்.

அந்தச் சத்தியம் என் இரண்டாவது தவறு. இரவு தூக்கம் வரவில்லை. ஒரு காலத்தில் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன், 1989ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் உரிமை தருகிறது. 19ஆம் பிரிவு, உடலையும் மனதையும் வதைக்கும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்கச் சொல்கிறது. அன்று அந்த வரிகளில் கமா சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இப்போது இரண்டு பிரிவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன. அவள் சொல்லாதே என்கிறாள். சொல்லாமல் இருந்தால் அங்கே இன்னொரு பெண் நாளைக்கும் அதே களத்தில் நிற்கிறாள்.

காலையில் அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நேற்று கொடுத்த வாக்கைத் திருப்பி எடுக்கிறேன். கொடுத்திருக்கவே கூடாது. இதைப் பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் யாரிடம் சொல்கிறேன், என்ன சொல்கிறேன், எப்போது சொல்கிறேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே உனக்குச் சொல்வேன்." அழுதாள். அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்றாள். எடுக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கே தெரியாத ஒன்று. இன்னொரு பொய் வாக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாராவது இதேபோன்ற நிலையில் இருந்தால் ஒன்றை மட்டும் சொல்வேன்: பிள்ளை வாய் திறக்கும் முன்னாலோ பின்னாலோ ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று கொடுத்துவிடாதீர்கள். ‘உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்’ என்பதுகூட ஆபத்தானது. ‘உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்’ என்பதுவரை சொல்லலாம்.

என் கணவர் விஷயம் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்றைக்கே இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய கோபம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைப் பார்த்த சின்னவளின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைச் சமாதானப்படுத்த வேண்டிய வேலையும் இப்போது அவள் தலையில் விழுந்திருந்தது. சட்டையைக் கழற்ற வைத்தேன்.

இரண்டு விஷயங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது என்பதுதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தது. லாரி ஒரு வகை. அந்தத் தாழ்ந்த குரல் வேறு வகை.

முதலில் லாரி. கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லும் தாய் நான் இல்லை. ‘உன் இடது கை உடம்புக்குக் குறுக்கே போகிறது, நேராக ஆட்டு’ என்று கோச் கத்தினால் கத்தட்டும். கண்டிப்பு செய்கையைப் பிடிக்கும், ஏளனம் ஆளைப் பிடிக்கும். இதை நான் நீட்டி முழக்கி விளக்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் குறுக்கிட்டாள்: "அதாவது, அதைக் கேட்டு நாளைக்கு நான் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் அது பயிற்சி. தெரியாவிட்டால் அது பயிற்சி இல்லை. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். கையை மாற்றலாம். லாரியை எப்படி மாற்றுவது?

அவளுக்குத் தோன்றிய வழிதான் தட்டில் பாதியை மிச்சம் வைப்பது. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரரைப் பற்றிப் படித்திருந்தேன். 2013இல், 17 வயதில், உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொளியில், எடையைக் குறை, இன்னும் குறை என்று தன்னை அழுத்தியதை அவரே சொன்னார். சக வீரர்களுக்கு முன்னால் எடை பார்ப்பார்களாம். மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். உழைப்புக்கு ஏற்ற உணவு உள்ளே போகாமல் மாதவிடாயும் எலும்பும் மனநிலையும் சேர்ந்து கெடும் இந்த நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரே வைத்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பாதையின் முதல் படி துடைத்து வைத்த எடைக் கருவியாகவும் இருக்கலாம் அல்லவா?

அதனால் அவளிடம் உடலைப் பற்றி நேராகப் பேசினேன். பெண் குழந்தைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து. உயரம் கூடினால் எடை கூடத்தான் செய்யும். இடுப்பு அகலும், கொழுப்பும் சேரும், சேரவும் வேண்டும். சில மாதங்கள் ஓட்ட நேரம் முன்னேறாமல் நிற்கலாம். ஹாரன் அடிக்கும் பையன்கள் இன்னும் அந்தக் காலத்துக்கே வந்து சேரவில்லை. இந்தக் கடைசிப் பகுதிதான் அவளுக்கு மிகவும் பிடித்தது.

எடைக் கருவியை நான் எடுத்து ஒளிக்கவில்லை. அவளே ஒருநாள் அதை மறுபடி மூலைக்குத் தள்ளினாள். இப்போது அதன்மேல் வாளி இருக்கிறது.

பிறகு, வாயில் ஒரு வாக்கியம் வேண்டும். அடுத்த முறை லாரி வந்தால் என்ன சொல்வது? என் தொழில் வாக்கியம் அல்லவா, ஒரு தாளில் ஐந்து எழுதிக் கொடுத்தேன். ‘என் உடலைக் குறித்த கருத்துகளை நான் வரவேற்கவில்லை’ என்பது அதில் ஒன்று. படித்துவிட்டு, "அம்மா, இது ‘புல்தரையில் நடக்காதீர்கள்’ பலகை மாதிரி இருக்கிறது" என்றாள். அவளே எழுதினாள், அடித்தாள், எழுதினாள். கடைசியில் நின்றது: "அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, சார். ஓட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்." ‘சார்’ வேண்டுமா என்று நான் கேட்டேன். வேண்டும் என்றாள். மரியாதை இருந்தால்தான் அவளுக்குத் தைரியம் வருகிறதாம். அவள் வாக்கியம், அவள் முடிவு.

ஒத்திகை பார்த்தோம். முதலில் நான் கோச்சாக நின்றேன். "நீ ரொம்பப் பணிவாகக் கேலி செய்கிறாய்" என்று என்னை நீக்கிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். 16 வயதுப் பெரியவன் இந்த வேடத்தை அளவுக்கு மீறிய மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டான். கூடத்தில் நாற்காலிகளைச் சுற்றி அவள் ஓட, அவன் மூலையில் நின்று கத்த, அவள் நின்று சொல்ல வேண்டும். முதல் மூன்று முறை வாக்கியம் முடியும் முன் சிரிப்பு வந்துவிட்டது. பேசுவது கடினமாக இல்லை, சிரிக்காமல் இருப்பதுதான் கடினம் என்று அப்போது தெரிந்தது. எனவே அதைத் தனியாகப் பழகினோம்: ஒன்றும் சொல்லாமல், சிரிக்காமல், ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது. நாலாவது முறை அவள் அப்படி நின்றபோது பெரியவனுக்கு வாய் உளறியது. "ஏய், நிஜமாகவே ஒரு மாதிரி இருக்கிறது" என்றான்.

இன்னொன்றும் சொன்னேன், இரண்டு மூன்று தடவை சொன்னேன். களத்தில் அந்த வாக்கியம் வராமல் போகலாம். தொண்டை அடைத்துப்போகலாம். தண்ணீர் குடிக்கப் போய்விடலாம், பேசாமல் அடுத்த சுற்றும் ஓடலாம். அது தோல்வி அல்ல. 40 வயது தாண்டிய ஒரு மனிதரின் நாக்கைத் திருத்துவது 12 வயதுப் பெண்ணின் பொறுப்பு இல்லை. வாக்கியம் அவள் பையில் இருக்கும் குடை மாதிரி. மழை வந்தால் விரிக்கலாம், விரிக்காமல் நனைந்தாலும் யாரும் திட்டப்போவதில்லை.

இரண்டாவது வகைக்கு வாக்கியமே கிடையாது. உடலை அந்த விதமாகப் பேசினால், தனியாக வரச் சொன்னால், தொட்டால், இரவில் செய்தி அனுப்பினால், படம் கேட்டால், ‘வீட்டில் சொல்லாதே’ என்றால், பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த இடத்தை விட்டு நகர்ந்து, கண்ணில் படும் நம்பிக்கையான பெரியவரிடம் போக வேண்டும். இந்தப் பட்டியலை அவள் அண்ணனுக்கும் சேர்த்தேதான் சொன்னேன். பையன்களுக்கு இதைச் சொல்ல நாம் மறந்துவிடுகிறோம்.

நான் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். அவள் சொன்ன அன்றே, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்திருந்தேன்: நாள், இடம், யார் யார் நின்றார்கள், என்ன சொன்னார். மேலும் மேலும் தோண்டவில்லை. ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று ஒரே ஒரு முறை கேட்டேன். ‘தொட்டாரா? அப்படிச் செய்தாரா? இப்படிச் செய்தாரா?’ என்று அடுக்கியிருந்தால், என் கேள்விகள் அவள் நினைவுக்குள் போய்க் கலந்துவிடும். விசாரிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

மன்றத்தில் குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு பொறுப்பாளர் இருந்தார். இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தையெல்லாம் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவருக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் ‘கேவலமான’, ‘ஈனத்தனமான’, ‘பண்பற்ற’ எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் பதினோரு வரி. சொன்ன சொற்கள், சொன்ன நாட்கள், நாங்கள் கேட்பது. என் கணவர் படித்துவிட்டுச் சூடே இல்லையே என்றார். பெயரடை இருந்தால் அவர்கள் பெயரடையோடு சண்டை போடுவார்கள். ‘அவர் ஈனமானவர் அல்ல, பதினைந்து ஆண்டாகப் பயிற்சி கொடுக்கிறார்’ என்பார்கள். வெறும் வாக்கியம் மட்டும் இருந்தால் அந்த வாக்கியத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது விஷயத்தைப் பற்றிக் கோச்சிடம் நாங்கள் ஒரு சொல்கூடப் பேசவில்லை, எச்சரித்தது போலாகிவிடும் என்பதால். தொடுதலோ, இரவுச் செய்தியோ ஏதாவது இருந்திருந்தால் மன்றத்துக்கும் எழுதியிருக்க மாட்டேன், நேராகக் காவல்துறைக்குத்தான்.

கடிதத்தைவிடக் கடினமானது அந்த மூத்த பெண்ணின் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னது. எனக்கு அவரை அதிகம் தெரியாது. மைதான ஓரத்தில் பார்த்துப் புன்னகைத்துக்கொள்வோம். சொல்லி முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு நீண்ட அமைதி. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அவள் கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரிதான் இருந்தாள்" என்றார் கடைசியில். "நான்தான் பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்."

பொறுப்பாளர் பத்து நாளில் எங்களைக் கூப்பிட்டார். லாரி விஷயம் மட்டும்தான் அங்கே பேசப்பட்டது, கோச்சும் இருந்தார். அவர் முதலில் சொன்னது நான் எதிர்பார்த்ததுதான்: "நான் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவேன். பிள்ளைகளே சிரிக்கிறார்கள்." எல்லோரிடமும் பேசுவது எப்படிச் சாக்காகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சின்னவளின் கேள்வியை அப்படியே எடுத்து வைத்தேன். "அதைக் கேட்டு அவள் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்." அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "என் கோச் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் தெரியுமா?" என்று ஒரு பெயரைச் சொன்னார். முப்பது ஆண்டுக்கு முந்தைய பெயர். தன் பிறந்த நாளைச் சொல்வதுபோல் தடங்கலின்றி வந்தது. ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கம் வந்ததை மறுக்கவில்லை. அதற்காகக் கேட்டதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், அப்படித் திட்டினால்தான் வளைவார்கள் என்றும் சொன்னார். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்மித், ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் பேஸ்பால் ஆடும் சிறுவர்களின் கோச்சுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள். நல்லதைச் செய்தால் பாராட்டு, தப்பினால் தைரியமும் திருத்தமும், ஏளனமும் தண்டனையும் வேண்டாம் என்று சில கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1992இல் வெளியான ஆய்வில், அப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த பருவத்துக்கு வராமல் நின்றவர்கள் 5 சதவீதம். மற்ற கோச்சுகளிடம் ஆடியவர்களில் 26. இதைச் சொன்னபோது பொறுப்பாளர் குறித்துக்கொண்டார். கோச் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அணியிலேயே அந்த ஆண்டு எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று பொறுப்பாளர் கேட்டபோது தரையைப் பார்த்தார்.

இன்னொரு விஷயத்தில் என்ன முடிவானது என்று எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அது என் பிள்ளையைப் பற்றியது அல்ல என்பதால் சொல்லாதது சரிதான். விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் பற்றி ஒலிம்பிக் குழு 2016இல் வெளியிட்ட அறிக்கை, மனதை நோகடிக்கும் துன்புறுத்தல்தான் மற்ற எல்லா வகைக்கும் மையத்தில் இருக்கிறது என்கிறது. கேலி ஒருவிதம், அது ஒருவிதம் என்று பிரித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வரி உறுத்தியது. லாரிக்கு எல்லோரும் சிரித்துப் பழகிய களத்தில்தானே அந்தத் தாழ்ந்த குரலுக்கும் இடம் கிடைத்தது? கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள் இவை: மூத்த பெண்கள் குழுவுக்கு இப்போது வேறு கோச். பயிற்சியில் எப்போதும் இரண்டாவது பெரியவர் ஒருவர் நிற்கிறார். பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி கிடையாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். அந்த மூத்த பெண் திரும்ப வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கசக்கிறது.

சின்னவள் ஓடுகிறாள். அதே கோச்சிடம்தான். எங்களுக்கு மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது, அவள் மறுத்தாள். இந்த முறை அவள் சொன்னதே முடிவு என்று விட்டோம், மூன்று மாதம் பார்ப்பது என்ற நிபந்தனையோடு. அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். எப்படிக் கேட்டார் என்றால், "சரி, இனி சொல்லவில்லை, போதுமா" என்று. அதை மன்னிப்பு என்று எண்ணலாமா என்று நானும் அவளும் ஒரு மாலை முழுக்க விவாதித்தோம். ‘போதுமா’வை அடித்துவிட்டால் எண்ணலாம் என்று முடிவு செய்தாள்.

அந்த வாக்கியத்தை அவள் கோச்சிடம் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவே இல்லை. ஒத்திகை பயன்பட்டது வேறு இடத்தில். போன மாதம் அவளுக்கு உடை வாங்கப் போயிருந்தோம். உடை மாற்றும் அறையின் திரையை விலக்கி வெளியே வந்தாள், தோளில் இறுக்கமாக இருந்தது. நான் யோசிக்காமல் சொன்னேன்: "போன வருடம் இதே அளவு தொளதொளவென்று இருந்ததே. நன்றாகச் சதை போட்டுவிட்டாய்."

சிரிக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதைக் கேட்டு நாளைக்கு நான் எதை மாற்ற வேண்டும், அம்மா?"

"அடித்துவிடு" என்றேன்.

"அடித்தாயிற்று. இதற்கு அடுத்த அளவு எடுத்துவா."

எடுத்துவரப் போனேன்.